கன்ன உச்சி

மலர்ச்சாலைக்காரர் யூலியசுக்கு
உச்சியை வலப்பக்கம் பிரித்துவிட்டிருந்தார்கள்.
பெட்டியின் கால்மாட்டில் நின்றபடியே எங்களுக்குத் தெரிந்துவிட்டது.
செபம் நடந்துகொண்டிருந்தது.
ஒருவரும் வாய் திறக்கவில்லை.

இடப்பக்கம்.
எழுபத்தெட்டில் அளம்பில் கரையில் பந்தடி பார்த்த
எவனைக் கேட்டாலும் சொல்வான்:
இடப்பக்கம், காதுக்கு மேலே, நூல் பிடித்த மாதிரி.
காலுறைக்குள் சிவப்புச் சீப்பு.
கொலரை நிமிர்த்திவிட்டுத்தான் உள்ளே வருவான்,
தன் கலியாணத்துக்குத் தானே பிந்தி வருகிறவன் போல.
பத்துப் பேருக்கு வெறுங்கால்.
அவனுக்கு மட்டும் மஞ்சள் நாடா போட்ட சப்பாத்து.
காசு கட்டினானா என்பது வேறு கதை.

குமுழமுனையிலிருந்து ஒரு சைக்கிளில் மூன்று பேர் போவோம்,
அவன் ஒருவனைப் பார்க்க.
வெட்டிவிட்டு ஓடமாட்டான். நிற்பான்.
விழுந்தவன் எழும்பி வரட்டும் என்று
பந்தின்மேல் கால் வைத்துக்கொண்டு.
வந்தால் திரும்பவும் வெட்டுவான்.
"கோலை அடியடா நாசமறுவானே"
என்று எங்கள் பக்கமே கத்தும்.
வலை காயும் பக்கம் நின்ற பெட்டைகளுக்கு
அவன் குனிந்து வணக்கம் வைப்பான்.

முள்ளியவளை தணிகாசலம்
ஒரே பந்துக்கு மூன்று தரம் விழுந்தார்.
அன்றிலிருந்து அவருக்குப் பெயர் மூண்டுதரம்.
கலியாண வீட்டிலும் மூண்டுதரம்.
முப்பது வருசம் கழித்து, முகாமில், தண்ணீர் வரிசையில்
யாரோ கூப்பிட்டதும் அதே பெயர்தான்.
திரும்பிப் பார்த்தாராம்.

எத்தனை கோல்?
படம் இல்லை. பேப்பர்த் துண்டு இல்லை.
கேடயங்கள் இருந்த தகரப்பெட்டி
மாத்தளனுக்கு வந்தது, திரும்பவில்லை.
சேவியர் நூற்றுப்பத்து என்கிறான்.
குணநாயகம் அறுபது, அதுவும் செத்தவீடு என்பதால்.

அந்தப் பெனால்ற்றியை மட்டும் எவரும் எடுக்கவில்லை.
இறுதி ஆட்டம். கடைசி நிமிடம்.
பந்தை வைத்துவிட்டுச் சீப்பை எடுத்தான்.
வாரினான். ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்க
வாரினான்.
பந்து கம்பத்துக்கு மேலால், வாடிக்கு மேலால், கடலுக்குள்.
வள்ளம் இறக்கித்தான் எடுத்தார்கள்.
மூன்று மாதம் தேத்தண்ணிக்கடையில்
அவனுக்குச் சீனி போடவில்லை.
அவன் கேட்கவுமில்லை. குடித்துவிட்டு
கண்ணாடியில் தலையைச் சரிபார்த்துக்கொண்டு போவான்.

கடைசி வருசங்களில்
முல்லைத்தீவு பஸ் நிலையத்தில் லொத்தர் விற்றான்.
சீட்டை ஆளைப் பார்க்காமல் முதுகுக்குப் பின்னால் நீட்டுவான்,
குதிக்காலால் பந்து தருகிற மாதிரி.
தெரிந்தவன் வாங்கிக்கொள்வான்.
தெரியாதவன் திகைத்து நிற்பான்.
எனக்கு ஒருபோதும் விழவில்லை.

பாட்டுத் தொடங்கும்போது தணிகாசலம் வந்தார்,
ஊன்றுகோலோடு, ஒன்பதரை பஸ்ஸில்.
நேரே தலைமாட்டுக்குப் போனார்.
கொஞ்சநேரம் பார்த்தார்.
பிறகு சட்டைப்பையிலிருந்து ஒரு சீப்பு.
அவருக்குத் தலையில் ஒரு மயிர் கிடையாது.
அதை ஏன் கொண்டுவந்தார் என்று
அந்த நேரம் யாருக்கும் தோன்றவில்லை.
தீர்த்தச் செம்பில் தோய்த்தார்.
நெற்றியில் திருநீறு. சுவாமியார்
சங்கீதப் புத்தகத்தில் பக்கம் தேடினார்.

முதல் தரம் கோணிற்று.
இரண்டாம் தரம் கை நடுங்கிற்று.
அடுத்த தரம் சரியாக விழுந்தது,
இடப்பக்கம், காதுக்கு மேலே.

"மூண்டுதரம்" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.
முதலில் சிரித்தவள் யூலியசின் மனைவி.

சவக்காலைக்குப் போகும் வழியில் குணநாயகம்
மெல்லத் தொடங்கினான்:
"அண்டைக்குச் சோளகமெல்லோ.
காத்துத்தான் பந்தைக் கொண்டுபோனது."

அன்றைக்குக் காற்றே இல்லை என்றேன்.